எல்லாவற்றிலும் தாளை நனைத்தவர்

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் கம்பெனி பஸ் ஏழு நிமிஷம் நிற்கும். அந்த ஏழு நிமிஷத்துக்குள் அவர் டீக்கடைக்குப் போவார், கிளாஸை வாங்குவார், ஆனால் உடனே வாயில் வைக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் காகிதச் சுருளை எடுத்து, விரல் நீளம் கிழித்து, டீயில் நனைத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

டீ மாஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "அண்ணாத்த, டீல நனைச்சா டீ கலருதான் வரும். அதுல இன்னா ஜோசியம் பாக்குற?"

"ஜோசியம் இல்ல நைனா. உன் டீ ஆசிட்டு. உள்ள போய் கொடலுக்குத் துரு புடிக்க வெக்கும்."

"அப்போ குடிக்காத. கிளாஸை இப்படிக் குடு."

அவர் கொடுக்கவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தெரிஞ்சு குடிக்கிறது வேற, தெரியாம குடிக்கிறது வேற" என்று சொல்லி பஸ் ஏறினார். எனக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிக்கு அந்தப் புறம் இருக்கும் ஒற்றை சீட்டுதான் அவருடைய இடம். அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து மறைமலைநகர் வரைக்கும் அந்த பஸ்ஸை ஓட்டியவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் முதுகுப் பக்கமாக வந்ததுதான். பஸ்ஸில் ஆட்கள் பேசப் பேசக் காதில் வாங்கிக்கொண்டது. யார் நல்ல வாக்கு ஒன்று சொன்னாலும் வீட்டுக்குப் போனதும் ரோசியிடம் ஒப்பிப்பேன். ரோசி என் மனைவி. கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. நான் ஒப்பித்ததில் முக்கால்வாசி அவருடைய வாக்குதான். என்னை அவர் மச்சான் என்றதால், பார்க்கும் முன்னாலேயே ரோசி அவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

"பேப்பர் பொய் சொல்லாது மச்சான். மனுசன் சொல்லுவான், மானேஜரு சொல்லுவான். பேப்பருக்கு இன்னா வேண்டுதல்?"

அவருடைய வேலையே அந்தப் பேப்பர்தான். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய பால் மாதிரி வெள்ளையாக ஒரு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கூலண்ட் என்பார்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் கீழே அதற்கு ஒரு தொட்டி உண்டு. அந்தத் தண்ணீரின் காரம், அவர்கள் பி.எச். என்பது, ஒன்பதில் நிற்க வேண்டும்; தாளை நனைத்தால் மாறும் நிறம் அதைக் காட்டிவிடும். இறங்கினால் இரண்டு கேடு: கடைந்து வைத்த சாமான் ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும், தொட்டிக்குள் கிருமி பெருகி அழுகல் முட்டை நாற்றம் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது என்பதால் திங்கட்கிழமைதான் அந்த நாற்றம் வரும். திங்கட்கிழமை முதல் ஆளாக உள்ளே போய், தொட்டி தொட்டியாகத் தாளை நனைத்துப் பார்ப்பவர் அவர்.

ஒரு சனிக்கிழமை, மூன்றாம் நம்பர் தொட்டி கெடப்போகிறது என்று சொன்னார். சூப்பர்வைசர் மோந்து பார்த்து, "ஒரு வாசனையும் இல்லையே" என்றார். அதற்கு அவர் சொன்னதை அன்றைக்கு சாயங்காலமே பஸ்ஸில் ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்தார்கள்: "வாசன வர்ற வரைக்கும் காத்துகினு இருக்கிறவன் வேலக்காரன் இல்ல சார், குழி வெட்டுறவன்." திங்கட்கிழமை அந்த மிஷின் சாமான் தட்டு தட்டாக மஞ்சள்தூள் தூவியது போல் துருப்பிடித்துக் கிடந்ததாம். அதிலிருந்து அவர் சொன்னால் சொன்னதுதான். நாங்களும் நம்பிவிட்டோம். ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்ன ஆள் எல்லா விஷயத்திலும் சரியாகச் சொல்வார் என்று நினைப்பதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் தண்ணீரைக் காரமாக்கும் மிஷினை விற்கிறவர்கள் கூட்டம் போட்டார்கள். அவரும் போனார். மேடையில் மூன்று கண்ணாடி கிளாஸ். கலர் சோடா, குழாய்த் தண்ணீர், மிஷின் தண்ணீர். மூன்றிலும் ஒரே சொட்டு மருந்து. சோடா மஞ்சளாச்சு, குழாய்த் தண்ணீர் பச்சையாச்சு, மிஷின் தண்ணீர் நீலமாச்சு. "உடம்பு புளிச்சாதான் வியாதி வரும். காரத் தண்ணியில கேன்சரே உயிரோட இருக்காது" என்றாராம் கோட்டு போட்ட ஆள்.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. இவருக்கு அது சொந்தத் தொட்டி. மறுநாள் பஸ்ஸில் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இருவது வருசமா இரும்புக்குப் பாத்துகினு இருந்தேன் மச்சான். மனுசனும் அதேதான்னு ஒருத்தன் சொல்லணுமா? எனக்கே தோணலியே! காரம் எறங்குனா துரு, கிருமி, நாத்தம். கேன்சருன்னா இன்னா? திங்கட்கிழமத் தொட்டி."

அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் மிஷின் ஏறியது. பஸ்ஸில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வந்தது. எச்சிலில் நனைத்துப் பார்ப்பார், வியர்வையில் நனைத்துப் பார்ப்பார், காலைச் சிறுநீரில் நனைத்து, காய்ந்த தாளைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைப்பார். பின் சீட்டிலிருந்து கேலி பறக்கும்.

"அண்ணாத்த, எங்க மாமியா நாக்குல ஒரு துண்டு நனைச்சுப் பாரேன்."

"வேணாம்டா, பேப்பரு எரிஞ்சுரும்."

முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் கேன்சர் என்ற சொல் வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ரோசி ஒருநாள் குளித்துவிட்டு வந்து, ஈரக் கையால் என் கையைப் பிடித்து, இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. வலி இல்லை என்றாள். வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பாருங்கள், எவ்வளவு தெரியாதவனாக இருந்திருக்கிறேன். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஊசி டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். "இந்த வாரமே வாங்க. தள்ளிப் போடாதீங்க."

மறுநாள் காலையில் பஸ்ஸில், கண்ணாடியைப் பார்த்தபடியே அவரிடம் சொன்னேன். செங்கல்பட்டு ஏரி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்க அண்ணன் கடப்பாக்கத்துல மீன் லாரிக்கு ஐஸ் பார் தூக்குறவன். ஒரே தோள்ல ஒரு பாரு. வயித்துல கட்டின்னாங்க. தொறந்து பாத்தாங்க, அப்படியே மூடித் தெச்சுட்டாங்க. நாப்பதாம் நாளு பொணமா எடுத்தோம். கத்தி பட்டதாலதான் மச்சான் அது பரவுச்சு. தங்கச்சி மேல ஊசி கூடப் பட வேணாம். மூணு மாசம் குடு எனக்கு. நான் பாத்துக்கிறேன்."

அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ஏமாற்றுகிற ஆளாக இருந்தால் அன்றைக்கே பஸ்ஸிலிருந்து இறக்கி விட்டிருப்பேன். நல்லவர் பயந்துபோய்ச் சொல்லும் பேச்சை எப்படித் தட்டுவது?

இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் எனக்கு அது வசதியாக இருந்தது. ஊசி, கத்தி, முடி கொட்டுவது எல்லாவற்றையும் நினைத்து ரோசி நடுங்கினாள்; அவளைவிட நான் அதிகம் நடுங்கினேன். தண்ணீர் என்றால் யாருக்குப் பயம்? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ரோசி மடித்து பைபிளுக்குள் வைத்தாள். அங்கே வைத்துவிட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு பேருமே நினைத்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் இரண்டு ஸ்டீல் பாட்டில் என்னிடம் கொடுப்பார். அதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் போட்டுக் குடிக்கச் சொன்னார். புளியும் எலுமிச்சையும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார். ரோசி கூச்சத்தோடு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்த சிறுநீரில் தாளை நனைத்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார். முதல் வாரம் மஞ்சள். இரண்டாம் வாரம் பச்சை. நான்காம் வாரம் நல்ல நீலம். "பாத்தியா தங்கச்சி! தொட்டி தெளிஞ்சுகினு வருது" என்று குதித்தார். ரோசி சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்று அவர் போன பிறகு என் கையை எடுத்து மறுபடி அங்கே வைத்தாள். "எளகிக்கிச்சு இல்ல? பாரேன், முந்தி மாதிரி கல்லா இல்லதானே?"

இளகவில்லை. புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆகியிருந்தது. அதற்கு மேல் தோல், ஆரஞ்சுப் பழத் தோலைப் போல் லேசாகக் குழி விழுந்திருந்தது.

"ஆமா, எளகித்தான் கீது" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொன்ன வாயோடுதான் மறுநாள் பஸ் ஓட்டினேன். அந்த ஆஸ்பத்திரிப் போர்டு வரும் இடத்தில் தினமும் கியரைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். நாற்பது பேர் உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன், ஒரு பெண்பிள்ளையிடம் "வா போகலாம்" என்று சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தேன்.

கடைசியில் கேட்டது அவள்தான்.

ஏழாவது ஞாயிறு. தாள் நீலமாக இருந்தது. அவர் நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். சாதம் வடித்துக்கொண்டிருந்த ரோசி, திரும்பிப் பார்க்காமலே சாதாரணமாகக் கேட்டாள்:

"அண்ணா, கம்பெனில இன்னாவோ சொல்லுவீங்களே. தொட்டியில எடு, வடிகால்ல எடுக்காதன்னு. இவரு வந்து வந்து ஒப்பிப்பாரு."

"ஆமா. புதுசா வர்றவங்களுக்கு அதான் மொதப் பாடம். வெளிய ஓடுற தண்ணில நனைச்சா உள்ள இன்னா கீதுன்னு தெரியாது."

"அப்ப இது?" என்று கிண்ணத்தைக் கண்ணால் காட்டினாள். "இது வெளிய போற தண்ணிதானே?"

தாளைப் பிடித்திருந்த அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. பசை காயும் வரைக்கும் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்து நோட்டு. பக்கம் பக்கமாக நீலம். அத்தனையும் வடிகாலில் எடுத்தது.

சாப்பிடாமல் எழுந்தார். "நாளைக்கு லீவு போடு மச்சான். ரத்தத்துல பாக்கணும். தொட்டின்னா அதுதான்."

மறுநாள் திங்கட்கிழமை. அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லீவு போட்ட ஒரே திங்கட்கிழமை அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ரோசியைப் பார்த்ததும் அந்த டாக்டரம்மா எழுந்தே விட்டார்.

"நாப்பத்தேழு நாள் எங்கம்மா போனீங்க?"

"என் தப்பு மேடம்" என்று இவர் குறுக்கே விழுந்தார். விஷயம் முழுக்கச் சொன்னார், நோட்டையும் காட்டினார். கடைசியில், "ரத்தத்துல காரம் எவ்ளோன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது ஏறியிருந்தா இன்னும் ஒரு மாசம் குடுங்க" என்றார்.

டாக்டர் கோபத்தில் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ரோசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஆள் சொல்லாமல் இவள் ஊசிக்கு வர மாட்டாள் என்று புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

"ரெண்டு வருசம் மேடம். ஒரு நாள் விட்டதில்ல."

"இவர்?" என்று என்னைக் காட்டினார்.

"இவன் டீயும் கலர் சோடாவும்."

"அப்ப உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பாப்போம். நம்பரை நான் முன்னாடியே எழுதி வைக்கிறேன். நான் எழுதினது வந்தா, இந்த அம்மா இன்னைக்கே ஊசி டெஸ்டுக்கு உள்ள போகணும். சம்மதமா?"

சீட்டில் எழுதி மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். மணிக்கட்டு நரம்பில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தம் அது. சுருக்கென்று தோள்வரை வலித்தது. அவசர வார்டு மிஷினில் கொடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். ரோசி என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தாள். நான் வேண்டியது எது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஜெயிக்க வேண்டும் என்றா, தோற்க வேண்டும் என்றா?

அவருடையது ஏழு புள்ளி நாலு ஒன்று. என்னுடையது ஏழு புள்ளி நாலு.

மடித்து வைத்த சீட்டைப் பிரித்தால், ஏழு புள்ளி மூணு அஞ்சுக்கும் ஏழு புள்ளி நாலு அஞ்சுக்கும் நடுவில், இரண்டு பேருக்கும், என்று எழுதியிருந்தது.

"மிஷின் ரிப்பேரா மேடம்?"

"மிஷின் நல்லா இருக்கு. நீங்களும் நல்லா இருக்கீங்க. அதுதான் விஷயம். ரத்தத்துல அந்த நம்பர் நகர்ந்தா மனுஷன் நடந்து வர மாட்டான், ஸ்ட்ரெச்சர்ல வருவான். நீங்க குடிக்கிற தண்ணி வயித்துக்குள்ள போனதும் அங்க இருக்கிற ஆசிட்லயே அதோட காரம் போயிடும். ஆப்பசோடா மாதிரி மிச்சம் ஏதாவது ரத்தத்துக்கு வந்தா, உடம்பு உடனே வெளிய தள்ளிடும்."

"அப்போ உள்ள ஒரு ஆளு ஷிப்ட் பாக்குறான்னு சொல்றீங்க."

"ரெண்டு ஆளு. நுரையீரல் ஒண்ணு, கிட்னி ஒண்ணு. பொறந்ததுலேர்ந்து லீவே எடுத்ததில்ல."

"தங்கச்சி பேப்பரு நீலமாச்சே?"

"கிட்னி வேண்டாம்னு தள்ளின ஆப்பசோடா அது. கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கட்டி தன்னைச் சுத்திப் புளிப்பை உண்டாக்கும், அது நெஜம். அதுக்காகப் புளிப்புதான் கட்டியை உண்டாக்குதுன்னு சொல்றது, புகைதான் நெருப்பு வச்சதுன்னு சொல்ற மாதிரி. உங்க அண்ணனையும் கத்தி கொல்லல. தொறக்கும்போதே முத்தியிருக்கும். அதனாலதான் மூடியிருப்பாங்க."

தொட்டியில் எடுத்த நம்பர். அவர் போட்ட சட்டம். அதை மீற அவரால் முடியாது. ரோசி பக்கம் திரும்பினார்.

"உள்ள போ தங்கச்சி. நான் சொன்னது தப்பு. போம்மா."

அவள் போனாள்.

கேன்சர்தான். மாதம் முடிவதற்குள் மார்பை எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளில் இரண்டுக்குப் பரவியிருக்கிறது, எடுத்துவிட்டோம், மருந்தும் கொடுக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். எனக்குப் பின்னாலிருந்து அவர் முன்னால் வந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. அந்த ரெண்டும் முன்னாடியே பரவி இருந்துச்சா? இல்ல, அந்த நாப்பத்தேழு நாள்லயா?"

டாக்டர் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தெரியாதுங்க. அதைக் கண்டுபிடிக்கப் பேப்பர் இல்ல."

அவர் கைகூப்பினார். வெளியே போய் ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார்ந்தார். பையிலிருந்த சுருளை எடுத்து வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தார். எதிலும் நனைக்கவில்லை. நான் போய் அவர் தோளில் கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த நாற்பத்தேழு நாளில் "எளகித்தான் கீது" என்று சொன்னவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. இன்றுவரை நான் சொல்லவும் இல்லை.

கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு கடப்பாக்கம் போய்விட்டார். மூன்று வருஷம் ஆகிறது. போன் செய்தால் எடுக்க மாட்டார். ஆனால் ரோசிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். எப்படித் தெரிந்துகொள்கிறாரோ, அன்றைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார். உள்ளே வர மாட்டார். ரோசி முதல் தடவையே கூப்பிட்டுப் பார்த்தாள். "அண்ணா, நாஸ்தா சாப்பிடலாம் வா." கையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. ரிசல்ட் வந்ததும் நான் கேட்டுக்கு வந்து கையைத் தூக்குவேன். தூக்கினால் நல்ல செய்தி. அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். இதுவரை ஐந்து தடவை தூக்கியிருக்கிறேன்.

போன வாரம் ரோசி முதுகு வலிக்கிறது என்றாள். படுக்கை விரிப்பு மாற்றக் குனிந்து குனிந்து எழும் வேலைதானே, வலிக்காமல் இருக்குமா என்றேன். அவளும் ஆமாம் என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது எலும்புக்கும் போகலாம், முதுகு வலித்தால் உடனே வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இந்தத் தடவை "ஒண்ணுமில்ல" என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கே போன் போட்டுத் தேதி வாங்கினேன்.

தேதி வருகிற திங்கட்கிழமை. இது ஆறு மாதக் கணக்கில் வராத தேதி, அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அவர் அந்த பஸ் நிறுத்தத்தில் நிற்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதியத்துக்குள் நான் கேட்டுக்கு வர வேண்டும். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.